டியூப் லைட்டுக்குக் கீழே நீலம்

பெட்டரி போட்ட ரேடியோ கசெட் மெஷினை நடுவீட்டில் பன்பாயின் மேல் வைத்து நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உம்மா, வாப்பா, தங்கச்சி, பக்கத்து வளவுப் பெண்கள் சிலர். எல்லோருக்கும் முன்னால், மெஷினுக்கு மிகக் கிட்ட, என் மாமி. பேசப்போவது அவருடைய மகன். அந்த இடத்தை யாரும் பங்கு கேட்க முடியாது.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மனைவி கணவனை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவாள். என் மச்சான் கல்யாணம் முடித்துச் சில வாரங்களில் சவூதிக்குப் போனவர். தம்மாமில் ஒரு கட்டடக் கம்பனியில் களஞ்சியக்காரர் வேலை. ஊருக்கு லீவில் வருகிற யாராவது ஒருவர் கையில் பேரீச்சம்பழமும் ஒரு கசெட்டும் கொடுத்தனுப்புவார்.

அந்தக் காலத்து சவூதிக் கசெட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் பக்கம் ஊருக்கு. மறுபக்கம் மனைவிக்கு. முதல் பக்கத்தில் ஸலாம், சுகம், உம்மாவின் கால் நோவு, வாப்பாவின் வயல், இன்னாருக்கும் இன்னாருக்கும் விசாரிப்பு. அது முடிந்ததும் எல்லோரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மரியாதையாக எழும்பிப் போய்விடுவார்கள். மறுபக்கத்தை மனைவி அறைக்குள் கொண்டுபோய், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள்.

அன்றைக்கு மச்சான் பக்கத்தை மாற்றிப் பதிந்துவிட்டார். களஞ்சியத்தில் ஆயிரம் சாமானை அடுக்கி வைக்கிற மனுஷனுக்கு இரண்டு பக்கம் உள்ள ஒரு கசெட் பிடிபடவில்லை.

“புள்ள, நீ அனுப்பின படம் கிடைச்சிது. நான் எடுத்துத் தந்த சாரி நீலம். நீ உடுத்திரிக்கிறது மாதாளம்பழக் கலர். எண்ட சாரி உனக்குப் புடிக்கல்லெண்டா சொல்லிரிக்கலாம்.”

மெஷினை நிறுத்த என் கை போகவில்லை. குரல் தொடர்ந்தது.

“அந்த நீலத்த நான் சும்மா எடுக்கல்ல. நீ ட்ரெய்னிங் கொலிஜ்ஜிக்குப் போற காலத்தில கல்முனை பஸ் ஸ்டாண்டில நீலச் சாரியோட நிண்டாய். மழ தூறினது. அண்டைக்குத்தான் நான் உன்ன முதல் கண்டது. மறுகாதான் உம்மாட்டச் சொல்லிப் பொண் கேட்டது.”

வாப்பா இல்லாத இருமல் ஒன்றை இருமிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தங்கச்சி முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரே மூச்சில் ஒரு மனிதர் என்னைக் குற்றம் சாட்டியும் விட்டார், என்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லியும் விட்டார்.

மாமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சாரி எங்கே என்று கேட்டார்.

கத்தரிப்பூ

அந்தச் சாரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களில் கல்யாணக் கூறையை மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தா எனும் அக்காமாரும்தான் எடுப்பார்கள். கடைக்குப் போனால் துணியை அங்கேயே பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள். தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் காட்டிப் பார்ப்பார்கள். கடைக்காரப் பெடியன் மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்த எல்லா முதலாளிமாருக்கும் இது தெரியும். வெயிலில் காட்டாத துணியை நம்பாதே என்பது எங்கள் பெண்கள் கண்ட அனுபவம்.

என் கூறையும் அப்படி வெயில் பார்த்து வந்ததுதான். ஆனால் இது கூறை அல்ல. மச்சான் கொழும்புக்குப் பஸ் ஏறுவதற்கு முந்திய நாள், தானே போய், தன் கையால் எடுத்தது. ஆம்பிளை தனியாகப் போய்ப் பெண்சாதிக்குச் சாரி எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கத்தில், மஃரிபு தொழுதுவிட்டு, தெரு இருண்ட பிறகு போயிருக்கிறார். இருண்ட தெருவில் எந்த வெயிலைக் காட்டுவது?

கடைப் பேர் போட்ட கடதாசியில் சுற்றி நூல் கட்டிக் கொண்டுவந்து என் கையில் தந்து, தான் போன பிறகு பிரிக்கச் சொன்னார். சுபஹுக்கு முன்னமே போய்விட்டார். விடிந்த பிறகு நான் ஜன்னலடியில் வைத்துப் பிரித்தேன். கத்தரிப்பூ நிறம். மெல்லிய ஜப்பான் சாரி. முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். புதுத்துணி வாசம்தான் இருந்தது. அவர் வாசம் இல்லை.

பிறகு ஒரு கசெட்டில், தான் எடுத்த சாரியை உடுத்துக் கலர்ப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். உம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்முனை ஸ்டூடியோவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் பெரிய பல்புகள், முகம் வேகிற சூடு. படம் கொழும்புக்குப் போய்க் கழுவி வந்தபோது சாரி கொஞ்சம் சிவந்திருந்தது. கலர்ப் படம் என்றால் அப்படித்தான் என்றார் ஸ்டூடியோக்காரர். எனக்கு முகம் நன்றாக வந்திருந்ததே போதும் என்றிருந்தது.

அந்தக் கத்தரிப்பூச் சாரியைத்தான் இப்போது மாமியின் மடியில் கொண்டுவந்து போட்டேன்.

மாமி அதை வெயிலுக்குக் கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார். தன் மகனுக்குக் கத்தரிப்பூவுக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்றார். தங்கச்சியிடம் ஒரு நீலச் சாரி இருக்கிறதா என்று சும்மா கேட்பது மாதிரி கேட்டார். நீலத்தை நான் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்று மாமி நினைக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. என் உம்மா விடுவாவா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று அடுப்படியில் இருந்து சட்டியிடம் சொல்வது போலச் சொன்னா. மாமி தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிவிட்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாங்கள் சேர்ந்து இருந்ததே கொஞ்ச நாள். சண்டை பிடித்துப் பழகவில்லை, சமாதானமாகியும் பழகவில்லை. மச்சானுடைய சிரிப்பு எந்தப் பக்கம் வளையும் என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். கடலுக்கு அப்பால் இருக்கிற அந்த மனிதர், தான் ஆசையாக எடுத்ததை நான் ஒதுக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்கிறார். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

வாப்பாவின் சிவப்புச் சாரன்

இரண்டு நாள் யோசித்தேன். கடைக்காரன் பொதியை மாற்றிவிட்டானா? மச்சானுக்குக் கண்ணில் ஏதும் குறையா? பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் மச்சான் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் போட்ட சாரனில் தன்னுடையது எது என்று கொடியில் பார்த்தே எடுப்பவர்.

சாரன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வாப்பாவுக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஒரு துண்டு வயல் இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நெல் சூடடிக்கிற நாட்களில் வாப்பாவோடு அங்கே போவேன். வாப்பா உடுத்திருப்பது செக்கச்செவேல் என்ற ஒரு சாரன். பொழுது பட்டுத் திரும்பி வரும்போது, வரம்பில் முன்னால் போகிற வாப்பாவின் சாரன் பார்த்துக்கொண்டிருக்கவே கறுத்துவிடும். புல்லும் இலையும் அப்போதும் வெளிறித் தெரியும். சிவப்புத்தான் முதலில் போகும். காலையில் பார்த்தால் சாரன் பழையபடி சிவப்பு. அது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. எந்த நிமிஷத்தில் கறுக்கிறது என்று பிடிக்கப் பார்ப்பேன். பிடிக்க முடியாது.

வெளிச்சம் குறைந்தால் நம் கண் வேறு ஒரு கண்ணாகிவிடுகிறது என்று பிற்காலத்தில் அட்டாளைச்சேனை ஆசிரியர் ட்ரெய்னிங் கொலிஜ்ஜில் படித்தேன். விஞ்ஞானம்தான் என் பாடம். அரியத்தில் வெயிலைப் புகவிட்டுச் சுவரில் ஏழு நிறம் விழுத்திக் காட்டியிருக்கிறேன். பூ தானாகச் சிவப்பாக இல்லை, விழுகிற வெளிச்சத்தில் மற்றதை உறிஞ்சிக்கொண்டு சிவப்பைத் தெறிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்வரிசை வாங்கில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி எழும்பி, “அப்ப விளக்க அணைச்சா செவ்வரத்தம்பூ என்ன கலர் டீச்சர்” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி என்று சொல்லி இருத்திவிட்டேன். பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு, எங்கள் வீட்டு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், சாரியை மடித்து வைக்க எடுத்தேன்.

மாதாளம்பழம்.

லாம்பைக் கிட்டக் கொண்டுபோனேன். சாரி கத்தரிப்பூ இல்லை. படத்தில் இருந்த அதே சிவப்பு. மச்சான் பொய் சொல்லவில்லை, படமும் பொய் சொல்லவில்லை. பகலில் ஒன்று, லாம்பில் ஒன்று. அப்படியானால் மூன்றாவது ஒன்று இருக்கத்தானே வேண்டும்? மச்சான் இதைப் பார்த்தது எந்த வெளிச்சத்தில்?

கடையில். மஃரிபுக்குப் பிறகு. டியூப் லைட்டுக்குக் கீழே.

எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கம்பி பெரிய றோட்டோடு நின்றுவிட்டது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலும் இல்லை. பள்ளிவாசலில் டியூப் லைட் இருந்தது. சாரியைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பிளை அங்கே போகலாமா? விடிந்ததும் மாமி வீட்டுக்குப் போய், கல்முனைக்குப் போகிறேன், சாரியை எடுத்த கடையிலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நானும் வாறன். எண்ட கண்ணால பாக்கணும்.”

மாரி மழையில்

மாரி காலம். பகல் முழுக்க இருட்டு. பஸ்ஸில் நானும் மாமியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். சாரி என் மடியில் பன்பைக்குள். மழை ஜன்னல் வழியாக அடித்தபோது மாமி தன் முக்காட்டுத் தலைப்பை இழுத்துப் பையை மூடினார். என்னை மூடவில்லை.

கடை நீளமான கடை. மழைக்குப் பாதிக் கதவை மூடிவிட்டு உள்ளே வரிசையாக டியூப் லைட் போட்டிருந்தார்கள். பொதியோடு வந்த எங்களைக் கண்டதும் முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று. மாற்ற வரவில்லை, விரித்துப் பார்க்க மட்டும்தான் என்றேன். நம்பாமல் இடம் விட்டார்.

நான் பன்பையில் இருந்து எடுத்து மேசையில் உதறினேன்.

நீலம்.

கடல் நீலம் இல்லை. அதைவிட மெல்லிசு. மழை வெளித்த பிறகு கொஞ்ச நேரம் வானத்தில் இருக்குமே, அது. கல்முனை பஸ் ஸ்டாண்டில் நான் உடுத்து நின்ற சாரியின் நீலமும் கிட்டத்தட்ட இதுதான். அந்தச் சாரி கிழிந்து எப்போதோ தலையணை உறையாகிவிட்டது. நானே மறந்த ஒரு நிறத்தை ஒரு மனிதர் கண்ணுக்குள் வைத்திருந்து, அதைத் தேடி இந்த மேசைக்கு வந்து நின்றிருக்கிறார்.

மாமி தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், கூறை எடுக்க வந்த பெண்களைப் போல. நான் மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் கத்தரிப்பூ. உள்ளே வந்தோம், நீலம். மறுபடியும் வாசல். மறுபடியும் உள்ளே. எங்கள் இருவருக்கும் நடுவில் விரிந்த சாரியில் ஒரு தலைப்பு ஒரு நிறம், மறு தலைப்பு ஒரு நிறம். முதலாளி கல்லாவில் இருந்து எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமி உள்ளே இருந்த வாங்கில் இருந்துவிட்டார். சாரியை மடியில் வைத்து, டியூப் லைட்டைப் பார்த்து, சாரியைப் பார்த்தார்.

“இதத்தான் எண்ட புள்ள கண்டிரிக்கான்.”

அதை மாமி என்னிடம் சொல்லவில்லை. தலைப்பை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவரைக் காணாத ஏக்கத்தில் இருப்பது நான் மட்டும் இல்லை என்று. மகன் போகுமுன் கடைசியாக ஆசைப்பட்டுப் பார்த்த ஒன்றை, மகன் பார்த்த மாதிரியே பார்க்கக் கிடைத்தது மாமிக்கு. நாங்கள் இருவரும் அந்த வாங்கில் வெகு நேரம் இருந்தோம். முதலாளி இரண்டு பிளேன்டீ சொல்லி அனுப்பினார். மாமி இந்த முறை குடித்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமி, அதெப்படி மகள் ஒரு சீலை மூன்று நிறம் காட்டும் என்று கேட்டார். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தச் சாரி நீலத்தையும் சிவப்பையும் இரண்டையுமே தெறிக்கிற சாரி. வெயிலில் இரண்டும் இருக்கிறது, அதனால் கத்தரிப்பூ. லாம்பிலும் ஸ்டூடியோ பல்பிலும் சிவப்பு அதிகம், நீலம் குறைவு, அதனால் மாதாளம்பழம். டியூப் லைட்டில் சிவப்பு சரியான குறைவு. இல்லாததைச் சாரி எங்கே இருந்து கொடுக்கும்? நீலத்தை மட்டும் கொடுக்கிறது. மிச்சக் கணக்கைக் கண்ணும் மூளையும் பார்த்துக்கொள்ளும். ஆக நிறம் என்பது பாதி சாரியில், பாதி வெளிச்சத்தில், மிச்சம் பார்க்கிறவர் கண்ணில்.

பாதியும் பாதியும் சேர்ந்தால் மிச்சம் ஏது மகள் என்று மாமி கேட்டார். மாமி நெல்லளந்து பழகியவர். நான் சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தார்.

கைலேஞ்சி அளவுத் துண்டு

நாங்கள் அனுப்பிய அடுத்த கசெட்டில் முதல் பக்கத்தில் மாமிதான் முதலில் கதைத்தார். தன் கண்ணால் கண்டதாகவும், மருமகள் உடுத்தது மகன் எடுத்த சாரிதான் என்றும், பக்கத்தை இனிச் சரியாகப் பார்த்துப் பதியும்படியும் சொன்னார். மறுபக்கத்தில் நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இந்தப் பத்திரிகைக்கு வேண்டாம்.

சாரியோடு வந்த துண்டில் சட்டை தைத்ததில் மிஞ்சிய துணி, முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சி அளவு, கிடந்தது. அதையும் மடித்து, லீவு முடிந்து போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். களஞ்சியத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு தரம் பாருங்கள், வெளியே வெயிலில் ஒரு தரம் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

மாதங்கள் கழிந்து பதில் வந்தது. முதல் பக்கத்தை எல்லோரும் கேட்டார்கள், எழும்பிப் போனார்கள். மாமி போகும்போது அறைக் கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார். நான் சத்தத்தைக் குறைத்து, காதை மெஷினில் வைத்துக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் மன்னிப்பு. பிறகு கடதாசி பிரிகிற சத்தம்.

“இஞ்ச நீலந்தான் புள்ள. நான் எடுத்த அதே நீலம். இரு, வெளிய போய் உண்ட கலரப் பாத்துட்டு வாறன்.”

கதிரை இழுபட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. மெஷினை நிறுத்தாமல் போய்விட்டார். அதன் பிறகு நாடா சுற்றுகிற இரைச்சல் மட்டும். நான் அந்த இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.

இருட்டுப் பெட்டி

மச்சான் வந்தார், போனார், வந்தார். ஊர் நிலைமைகள் மோசமான வருடங்களில் நாங்கள் இங்கே பயந்தோம், அவர் அங்கே எங்களுக்காகப் பயந்தார். கடைசியில் வந்து எங்களோடேயே இருந்துவிட்டார். எங்கள் ஒழுங்கைக்கும் கரண்ட் வந்தது. நடுவீட்டில் டியூப் லைட் பூட்டிய அன்று “நீலத்த உடு” என்றார். பகல் விருந்துக்குப் போவதென்றால் “கத்தரிப்பூவ உடு” என்பார். இரண்டுக்கும் நான் எடுப்பது ஒரே சாரியைத்தான். இரண்டு சாரி எடுத்துத் தந்த பெருமை அவருக்கு.

அவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மாமி அதற்கு முன்பே போய்விட்டார். மகன்கள் வீட்டு லைட்டுகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள். இந்தப் புது வெளிச்சத்தில் சாரி அந்த நீலத்துக்கு வருவதில்லை, என்னவோ ஒரு சாம்பல். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்றும், அதுவும் நீலத்தைத் தின்னும் என்றும் டாக்டர் சொல்கிறார். குறை லைட்டிலா, கண்ணிலா, தெரியவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி அப்போதெல்லாம் ஞாபகம் வரும். இருட்டில் அது என்ன நிறம்? அறிந்த பதிலைச் சொன்னால், நிறமே இல்லை. வெளிச்சமும் வேண்டும், பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்தப் பதில் கசெட் இன்னும் இருக்கிறது. சின்னவன் ஒரு பழைய மெஷினைத் தேடித் திருத்தித் தந்தான். நாடா தேய்ந்து குரல் சில இடங்களில் அமுங்கிவிட்டது. ஆனாலும் அஸர் தொழுத பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நாட்களில், மறுபக்கத்தைப் போடுவேன். வெளிய போய் உண்ட கலரப் பாத்துட்டு வாறன் என்று சொல்லிவிட்டு எழும்புவார். கதிரை, கதவு, செருப்பு. பிறகு இரைச்சல். அந்த இடத்தை ஓட்டிவிட்டால் என்ன உம்மா என்று சின்னவன் ஒரு நாள் கேட்டான். வேண்டாம் என்றேன். வெயிலில் அவர் நின்று பார்த்து முடியவேண்டாமா?

காத்திருக்கிறேன். செருப்புச் சத்தம் தூரத்தில் தொடங்கிக் கிட்ட வருகிறது. கதவு திறக்கிறது. ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்குகிறது.

“கண்டன் புள்ள” என்கிறார்.